முப்பத்திரண்டா, முப்பத்தெட்டா

புக்கிட் லாலான் தோட்டம்,
கோலா சிலாங்கூர்.
6.3.1983

அன்புள்ள திலகத்துக்கு,

நானும் உன் இரண்டு கோழிகளும் சுகம். நீயும் சந்திரிகாவும் மாப்பிள்ளை வாசுவும் அங்கே செரண்டாவில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது என்று மாப்பிள்ளை ஆபீசுக்கு போன் செய்து சொன்னார்.

இன்று காலை பத்து மணி இருபது நிமிடத்துக்கு, எல்லாப் பக்கமும் யோசித்து, முப்பத்தெட்டு என்று முடிவு செய்துவிட்டேன். ரப்பரை அழித்துச் செம்பனை நடுவது என்று கம்பெனி முடிவெடுத்த நாளுக்குப் பிறகு இந்தத் தோட்டத்தில் இவ்வளவு பெரிய முடிவு எதுவும் எடுக்கப்பட்டதாக எனக்கு நினைவில்லை. அன்றைக்கும் நான்தான் மினிட்ஸ் எழுதினேன்.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். சம்பள நாளில் பேங்கிலிருந்து பணப் பையோடு ஜீப்பில் வருகிறவன் நான். போன நவம்பரில் பக்கத்துத் தோட்டத்தில் என்னைப் போலக் கணக்கெழுதும் கிராணியைப் பாராங் கத்தியோடு இரண்டு பேர் மறித்ததிலிருந்து மேனேஜர் துரைக்குக் கவலை. என் பெயரில் கைத்துப்பாக்கி லைசென்சுக்கு எழுதச் சொல்லிவிட்டார். நான் பார்த்து வைத்திருப்பது சின்ன ரிவால்வர். அலுமினிய உடம்பு, அரைக் கிலோகூட இல்லை, பாக்கெட்டில் போட்டால் வெளியே தெரியாது. மிச்சம் இருந்தது கேலிபர்தான். கேலிபர் என்றால் தோட்டாவின் பருமன். ஓர் அங்குலத்தை நூறாகப் பிரித்து அதில் முப்பத்திரண்டு பங்கா, முப்பத்தெட்டு பங்கா என்பது கேள்வி. வித்தியாசம் ஆறே பங்கு. ஆனால் முப்பத்தெட்டு என்று சொல்லும்போதே வாயில் ஒரு கனம் இருக்கிறது. நீயும் சொல்லிப் பார்.

இதை யாரிடமும் சொல்லாதே. மறைத்து வைத்த ஆயுதத்துக்கு, அது இருப்பது யாருக்கும் தெரியாததுதான் பாதி பலம் என்கிறார் முருகையா. போலீஸ் ஆயுதக் கிடங்கில் சார்ஜனாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது சுங்கை புரோங்கில் நெல் போட்டிருக்கிறாரே, அவர்தான். இனி எல்லாம் அவர் யோசனைப்படி.

அன்புடன்,
ஐயாவு


செரண்டா,
11.3.1983

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. முப்பத்தெட்டு என்று பார்த்ததும் உங்களுக்குக் காய்ச்சலோ என்று பயந்துவிட்டேன். மூன்றாவது பத்தியில்தான் மூச்சு வந்தது.

இருபத்தாறு வருஷத்தில் உங்களிடமிருந்து யாரும் எதையும் பறித்ததில்லை. மூன்று குடைகளையும் நீங்களாகத்தான் பஸ்ஸில் விட்டீர்கள். இருந்தாலும் துரை சொன்னால் செய்ய வேண்டியதுதான். தடுக்கவில்லை.

சந்திரிகாவுக்குக் கால் வீக்கம். இந்த மாதக் கடைசிவரை பஸ்ஸோ காரோ வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீக்கம் வடிந்ததும் ஏப்ரலில் அழைத்துக்கொண்டு வந்துவிடுவேன். பிரசவம் அங்கே ஆஸ்பத்திரியில், அதன்பின் முப்பது நாள் நம் மூலை அறையில். அதற்குள் நீங்கள் செய்ய வேண்டியவை: அறைக்கு வெள்ளை அடிக்க வேண்டும். ஜன்னல் கொண்டி மாற்ற வேண்டும். ஸ்டோரில் கிடக்கும் இரட்டைக் கட்டிலைத் துடைத்துப் போட வேண்டும். மற்ற அறைகள் பலகைத் தரை. குளிக்க வைத்தால் தண்ணீர் கீழே ஒழுகும். மூலை அறைதான் சிமெண்டு.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். எனக்குத் தாய்வீடு இல்லை. தலைப்பிரசவம் உங்கள் அக்கா வீட்டில் நடந்தது. அவர் காய்ச்சிக் கொடுத்த கஷாயம் எத்தனை கிளாஸ் என்று போன தீபாவளிக்குக்கூடச் சொன்னார். சந்திரிகாவுக்கு நான் ஒரு தாய்வீடு வைத்திருக்கிறேன். அவள் பிள்ளையோடு படுக்கும் கட்டில் அவள் வீட்டுக் கட்டிலாக இருக்க வேண்டும். இது ஒன்றுதான் நான் உங்களிடம் கேட்பது.

கோழிகளுக்கு மாலையில் தண்ணீர் வையுங்கள்.

திலகம்


புக்கிட் லாலான் தோட்டம்,
20.3.1983

அன்புள்ள திலகத்துக்கு,

கையெழுத்து கோணலாக இருப்பதைக் கண்டு கலங்காதே. காரணம் இருக்கிறது.

நேற்று முருகையா என்னைக் கிள்ளான் பக்கம் ஒரு சுடும் சங்கத்துக்கு அழைத்துப் போனார். நான் வாங்கப் போகும் மாதிரியே ஓர் உறுப்பினரிடம் இருந்தது. முப்பத்தெட்டு. ஐந்து தோட்டா போட்டுக் கொடுத்தார்கள். முதலாவது அட்டையின் ஓரத்தைத் தொட்டது. இரண்டாவது போன இடம் இன்னும் தெரியவில்லை. மூன்றாவதை நான் சுடவில்லை, கை மறுத்துவிட்டது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருக்கிறது.

முருகையா சிரிக்கவில்லை. நல்ல மனிதர். "யோவ் கிராணி," என்றார், "லேசான துப்பாக்கியில பெரிய தோட்டா போட்டா உதைக்கும்லா. தோட்டா முன்னால போவும், துப்பாக்கி பின்னால வரும், நடுவுல நீ நிப்ப."

"அப்ப கனமான துப்பாக்கியா வாங்கிடவா?" என்றேன்.

"ஒரு கிலோவ இடுப்புல கட்டிக்கிட்டு நடந்தா வேட்டி நிக்குமா? மறைக்கணும்னு சொன்னது நீதான? மறைக்கணும்னா லேசு. லேசுன்னா சின்னத் தோட்டா. முப்பத்திரண்டு எடு. ஆறு தோட்டா பிடிக்கும், உதை கம்மி. பெருசால ஒரு தடவ தென்ன மரத்தச் சுடுறதவிட, சின்னதால ரெண்டு தடவ ஆளச் சுடலாம்."

இதைவிடத் தெளிவாக இந்த விஷயத்தை யாரும் சொல்லிவிட முடியாது. முப்பத்தெட்டுக்கு இருக்கும் ஒரே வசதி, தோட்டா எந்தக் கடையிலும் கிடைக்கும். முப்பத்திரண்டுக்குச் சொல்லி வைத்து வாங்க வேண்டும். ஆனால் திருடனைச் சுடுவது தினசரி வேலை இல்லை. நான் உறுதியானவன், அதனால்தான் முடிவை மாற்ற என்னால் முடிகிறது. முப்பத்திரண்டு.

ஒரே சிக்கல், முதல் விண்ணப்பம் முப்பத்தெட்டு என்று போய்விட்டது. இந்த மாதக் கடைசியில் போலீசார் வீட்டை வந்து பார்ப்பதாக இருந்தார்கள். இப்போது திருத்தி எழுதினால் வரிசையில் மறுபடி கடைசி. ஏப்ரல் கடைசி ஆகும். ஆகட்டும்.

வெள்ளை அடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
ஐயாவு


செரண்டா,
26.3.1983

அன்புள்ள அத்தானுக்கு,

வீங்கிய கைக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போடுங்கள். உங்கள் கையெழுத்தைப் பார்த்துவிட்டுச் சந்திரிகா, "அப்பா குடிக்க ஆரம்பிச்சிட்டாரா?" என்று கேட்டாள். இல்லையம்மா, படிவம் எழுதி எழுதி வலி என்றேன். துப்பாக்கி விஷயம் இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. நீங்கள் சொன்னபடி வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. அதுதான் குறை. சம்பந்தியம்மா இராஜம்மா எனக்கு இன்னும் விருந்தாளி டம்ளரில்தான் காப்பி தருகிறார். பாத்திரம் தேய்க்கப் போனால், "நீங்க உக்காருங்க சம்பந்தி, உங்க வீடு மாதிரி நெனச்சுக்குங்க" என்கிறார். நம் வீட்டில் நான் எப்போது உட்கார்ந்தேன்? நேற்று சாப்பிடும்போது, "ஆஸ்பத்திரி இங்க பக்கத்துலதான இருக்கு, இங்கயே பெத்துக்கட்டுமே" என்று ஒரு பேச்சுக்குச் சொன்னார். பேச்சுக்குத்தான். ஆனால் வாசு தலையை ஆட்டினார். முதல் பிள்ளைக்குத் தாய்வீடு போவதுதான் முறை என்றேன். "முறைய யாரு இல்லன்னா?" என்று சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு அப்பளம் வைத்தார்.

வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது. மூலை அறை தயாராகிவிட்டது என்று ஒரு வரி எழுதுங்கள். அதை இராஜம்மாவிடம் காட்ட வேண்டும்.

திலகம்


புக்கிட் லாலான் தோட்டம்,
10.4.1983

அன்புள்ள திலகத்துக்கு,

சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. எல்லாம் நல்ல செய்திதான்.

மூலை அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. கொண்டி மாற்றியாயிற்று. கட்டிலும் போட்டாயிற்று. அதோடு, அந்த அறைக்கு ஒரு கூடுதல் பாதுகாப்பும் வந்திருக்கிறது. துப்பாக்கி வைத்திருப்பவன் அதை இரும்புப் பெட்டியில் பூட்டி, பெட்டியைத் தரையோடு முடுக்கி வைக்க வேண்டுமாம். சாவி அவனிடம் மட்டும்தான் இருக்க வேண்டுமாம். பலகைத் தரையில் முடுக்கினால் பெட்டியோடு வீடும் கீழே போகும். ஆகவே மூலை அறை. பெட்டியை லோரியிலிருந்து இறக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. டிரைவர் செல்லன், "துப்பாக்கி அரக் கிலோன்னீங்க, ஐயா" என்றான். துப்பாக்கி அரைக் கிலோதான், அதன் பெட்டிதான் இருநூறு கிலோ என்று விளக்கினேன். நான்கு போல்ட்டு போட்டுச் சிமெண்டில் இறுக்கியாயிற்று. கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்த வேண்டியிருந்தது. காற்று நன்றாக வரும்.

அடுத்தது பாக்கெட். கால்சட்டையில் தனிப் பாக்கெட் தைக்கக் கோலா சிலாங்கூரில் தையல்கார சோமுவிடம் போனேன். மூக்குக் கண்ணாடிக்கு என்று சொல்வதாகத் திட்டம். நான் வாயைத் திறப்பதற்குள் சோமு என்னை ஏற இறங்கப் பார்த்து, "முப்பத்தெட்டுதான ஐயா?" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவனுக்கு யார் சொன்னது? நான் நிதானமாக, "இல்ல, முப்பத்திரண்டுக்கு மாத்திட்டேன்" என்றேன்.

"முப்பத்திரண்டா? உங்களுக்கு ஏறாதுலா, ஐயா. முப்பத்தெட்டே புடிக்கும்."

"பிடிக்கும்னுதான் பார்த்தேன். உதைக்குது."

"எங்க உதைக்குது?"

"கையிலதான்."

சோமு அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். அவன் கேட்டது என் இடுப்பளவை. அது புரிவதற்குள் நான் சார்ஜன் சொன்னது, சுடும் சங்கம், அலுமினிய உடம்பு எல்லாவற்றையும் விளக்கியிருந்தேன். கடைக்குள் நான்கு பேர் இருந்தார்கள். நல்லவேளை, நான்கு பேரும் நம் தோட்டத்து ஆட்கள்தான். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

இப்போது தொழிலாளர் லயத்தில் எல்லாரும் நம்பர் லாட்டரியில் 3238 எடுத்திருக்கிறார்கள். நம்பர் கடையில் அந்த எண் இனிக் கிடையாது என்று மேற்பார்வை மண்டோர் வருத்தப்பட்டார். நேற்று, நான் பஸ்ஸில் விட்ட குடை ஒன்றோடு ஒருவன் வந்து, "கிராணி ஐயா, தோட்டா நம்பரையும் சொன்னா அடுத்த வாரத்துக்கு ஆவும்" என்றான். கவலைப்படாதே. தோட்டத்துச் செய்தி தோட்டத்தைத் தாண்டாது.

இருபத்தெட்டாம் தேதி ஆய்வுக்கு வருகிறார்கள். அதற்கு முன்னாலோ பின்னாலோ நீங்கள் வரலாம்.

அன்புடன்,
ஐயாவு


செரண்டா,
16.4.1983

அன்புள்ள அத்தானுக்கு,

தோட்டத்துச் செய்தி தோட்டத்தைத் தாண்டாது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதத்துக்கு ஒரு நாள் முன்னதாகவே அது இங்கு வந்துவிட்டது. வாசு வேலை செய்யும் தொழிற்சாலையில் நம் தோட்டத்துப் பையன் ஒருவன் இருக்கிறான். "உங்க மாமனாரு துப்பாக்கி நம்பரு சார், அடிக்கலன்னா கேளுங்க" என்று வாசுவிடமே 3238க்கு ஆள் சேர்த்திருக்கிறான். வாசு இரண்டு வெள்ளிப் பணம் கட்டிவிட்டு வந்து, இராஜம்மா முன்னால் என்னிடம் கேட்டார்.

எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியவில்லை. தெரியும் என்றால், ஒரு மாதமாக அவர் சோற்றைத் தின்றுகொண்டு மறைத்தேன் என்று ஆகிறது. ஆகட்டும் என்று தெரியும் என்றேன். இராஜம்மா கோபப்படவில்லை. சிரித்தார். "சம்பந்தி, துப்பாக்கி வீட்டுல எங்க இருக்கும்?" என்று கேட்டார். உங்கள் கடிதம் மறுநாள் மாலைதான் வந்தது. மூலை அறையைக் காட்டலாம் என்று ஆசையோடு பிரித்து வாய்விட்டுப் படித்தேன். பெட்டி என்ற இடம் வந்ததும் என் வாய் நின்றுவிட்டது. அவர் முடிக்கச் சொன்னார். முடித்தேன்.

"எம் பேரன் தலமாட்டுலயா?" என்றார். அவ்வளவுதான்.

அத்தான், நான் ஆண்டாண்டு காலத்து முறையைச் சொல்கிறேன், சட்டத்தை நீங்கள் சொல்லுங்கள். பிள்ளை பெற்றவள் அறைக்குள் முப்பது நாள் ஆம்பிளை நுழையக் கூடாது. பெட்டியின் சாவி உங்களிடம் மட்டும்தான் இருக்க வேண்டும் என்கிறீர்கள். ஜூன் மாதச் சம்பள நாள் அந்த முப்பது நாளுக்குள் வருகிறது. அன்று காலை நீங்கள் என்ன செய்வீர்கள்?

முப்பத்தெட்டே வாங்கியிருந்தால் போன மாதமே ஆய்வு முடிந்து, பெட்டியை வேறு எங்காவது வைக்க நேரம் இருந்திருக்கும். அதை நான் சொல்லிக்காட்டவில்லை. பெட்டியை எடுத்துவிடுங்கள். துப்பாக்கியை ஆபீஸ் பெட்டகத்தில் வையுங்கள், இல்லை துரை பங்களாவில் வைக்கச் சொல்லுங்கள். எடுத்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதினால் அன்றைக்கே டாக்சி பிடிக்கிறேன். சந்திரிகா தன் துணிமணியைப் பையில் போட்டுக் கட்டி வைத்திருக்கிறாள்.

மே மாதம் தொடங்கிவிட்டால், பிரசவ மாதம் என்று டாக்டர் மறுபடி பயணம் வேண்டாம் என்பார். அதற்குமுன் எழுதுங்கள்.

திலகம்


புக்கிட் லாலான் தோட்டம்,
30.4.1983

அன்புள்ள திலகத்துக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. ஆய்வு முடியட்டும் என்று இருந்தேன். முடிந்தது. வெற்றி. வந்த அதிகாரி பெட்டியைக் காலால் உதைத்துப் பார்த்தார். அசையவில்லை. "இந்த ஜில்லாவிலயே இவ்வளவு நல்லா முடுக்கின பெட்டிய நான் பார்த்ததில்ல" என்று மலாயில் சொன்னார். இரண்டு வாரத்தில் லைசென்சு. முப்பத்திரண்டு என்று தட்டச்சே ஆகிவிட்டது.

இனி உன் கேள்விகள். ஆபீஸ் பெட்டகம் கம்பெனியுடையது, லைசென்சு என் பெயரில். ஆகாது. துரை பங்களா துரையுடையது. ஆகாது. பெட்டியை இப்போது அகற்றினால் ஆய்வு மறுபடி முதலிலிருந்து. ஆகாது. ஆக, பெட்டி இருக்கும் இடத்தில் இருப்பதுதான் சரி.

ஜூன் சம்பள நாளைப் பற்றி நன்றாக யோசித்தேன். மூன்று வழிகள் தெரிந்தன. சந்திரிகாவே பெட்டியைத் திறந்து கதவிடுக்கில் நீட்டலாம். ஆனால் சாவியை அவளிடம் கொடுத்தால் சட்டப்படி இரண்டு பேரும் குற்றவாளி. நான் கண்ணைக் கட்டிக்கொண்டு உள்ளே போகலாம். துப்பாக்கியோடு வெளியே வருகிறவன் கண்ணைக் கட்டிக்கொண்டு வருவது நல்லதல்ல என்று முருகையா கருதுகிறார். மூன்றாவதுதான் சிறந்தது: அந்த ஒரு நாள் மட்டும் நான் துப்பாக்கி இல்லாமல் பேங்குக்குப் போய் வருவேன். பாக்கெட்டில் மூக்குக் கண்ணாடிக் கூட்டை வைத்துக்கொள்வேன். சோமு தைத்த பாக்கெட்டில் வெளியே இருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. தோட்டம் முழுக்க அது துப்பாக்கி என்றுதான் நினைக்கும்.

சம்பந்தியம்மாவிடம் சொல், சிலாங்கூர் மாநிலத்திலேயே அவர் பேரனுக்கு இதைவிடப் பாதுகாப்பான அறை கிடையாது. பெட்டியின் மேல் ஒரு வெள்ளை விரிப்பும் போட்டிருக்கிறேன். பால் டின் வைக்க வசதி.

உடனே புறப்பட்டு வாருங்கள். செல்லனை ஜீப்போடு அனுப்பவா?

அன்புடன்,
ஐயாவு


செரண்டா,
13.5.1983

அன்புள்ள அத்தானுக்கு,

நேற்று வியாழக்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்குச் சந்திரிகாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. இங்கேயே அரசாங்க ஆஸ்பத்திரியில். தாயும் பிள்ளையும் நலம். எடை மூன்று கிலோ எண்ணூறு கிராம். பெரிய பிள்ளை. காது உங்களுடையது.

உங்கள் கடிதம் ஐந்தாம் தேதி வந்தது. மூன்றாவது வழியை இரண்டு தடவை படித்தேன். துப்பாக்கி இல்லாமல் ஒரு சம்பள நாளை ஓட்ட முடியும் என்றால், அதை நீங்கள் மார்ச் மாதமே யோசித்திருக்கலாம். சந்திரிகாவிடம் காட்டினேன். அவள் கட்டி வைத்திருந்த பையைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கினாள்.

நாளைக்குத் தாயையும் பிள்ளையையும் இராஜம்மா வீட்டுக்கு அழைத்து வருகிறோம். நடு அறையை ஒழித்துக் கொடுத்திருக்கிறார். கஷாயத்துக்கு வேண்டிய மருந்துச் சரக்கெல்லாம் அவரே வாங்கிவிட்டார். நான் அரைக்கப் போனேன். "நீங்க உக்காருங்க சம்பந்தி" என்றார். உட்கார்ந்தேன்.

மூலை அறைக் கட்டிலைச் செல்லனிடம் லோரியில் அனுப்பிவிடுங்கள். இங்கே இருக்கும் கட்டில் தாயும் பிள்ளையும் படுக்கப் போதாது. மெத்தையும் வேண்டும். என் பச்சை டிரங்குப் பெட்டியும். முப்பது நாளா, இன்னும் கூடவா என்று இப்போது சொல்ல முடியவில்லை. கோழிகளை மண்டோர் வீட்டில் கொடுத்துவிடுங்கள்.

பெயர் வைக்கும் நாளை வாசு எழுதுவார். வரும்போது துப்பாக்கியோடு வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னார்.

திலகம்


புக்கிட் லாலான் தோட்டம்,
கோலா சிலாங்கூர்.
17.5.1983

அன்புள்ள திலகத்துக்கு,

குழந்தை பிறந்த செய்தி அறிந்து மிக்க மகிழ்ச்சி. லைசென்சு நேற்று வந்தது. முப்பத்திரண்டு, ஆறு தோட்டா, பெட்டியில் இருக்கிறது.

இன்று காலை எட்டு மணிக்கு, தோட்டத்து லோரியில், டிரைவர் செல்லன் பொறுப்பில் அனுப்பப்பட்டவை:

இரட்டைக் கட்டில், கழற்றியது, ஒன்று. அதன் திருகாணிகள் உறையில் பன்னிரண்டு. மெத்தை ஒன்று. பச்சை டிரங்குப் பெட்டி, பூட்டியபடி, ஒன்று. வெள்ளை விரிப்பு ஒன்று.

பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்திட்டு நகலைச் செல்லனிடம் கொடுக்கவும்.

ஐயாவு